ஆலயத்துக்கு வராமல் போனவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? யார் போய்ப் பார்ப்பது?

பனையோலை எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரக் கமிட்டியில் (ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவில்) "கவனிக்கப்படாதவர்களைக் கவனிக்க" என்று ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். 180 குடும்பம். இதுவரைக்கும் கவனிப்பு என்றால் கிறிஸ்மஸுக்கு விதவைகளுக்குச் சேலை, அசனத்தில் (ஆலய விருந்தில்) முதியோருக்குத் தனிப்பந்தி, பெரிய வெள்ளிக்கு முன்னால் ஐயர் (எங்கள் போதகர்) வீடுவீடாகப் போய் நற்கருணை. அவ்வளவுதான். தீர்மானம் போட்டதும் எல்லோரும் கேட்ட கேள்வி, "யாரு யாருன்னு எப்படித் தெரியும்?" பசித்தவர், நோயாளியைக் கவனிக்கச் சொல்லும் மத்தேயு 25-ஐ வைத்துப் பிரசங்கம் வேண்டாம், நடைமுறை வேண்டும். பட்டியல் எப்படிப் போடுவது, சந்திப்பு எப்படி நடத்துவது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காடு எழுதியது:

பிரதர், முதல் தடை உங்கள் பதிவேடுதான். சந்தா நோட்டு குடும்பத் தலைவர் பேரில் இருக்கும். மகன் பேரில் சந்தா வருகிறது, மகன் ஞாயிறுதோறும் வருகிறான், கணக்கில் அந்த வீடு "ஒழுங்கான குடும்பம்". உள்ளறையில் எட்டு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத அம்மா எந்த நோட்டிலும் தெரியமாட்டார். அண்ணன் வீட்டில் இருக்கும் கல்யாணமாகாத தங்கை, மூளைவளர்ச்சி குறைந்த பிள்ளை, பிள்ளை வீட்டில் மாதம்மாறி இருக்கும் தாத்தா, எல்லாரும் இப்படித்தான் ஒரு வரிக்குள் மறைந்துபோகிறார்கள்.

அதனால் குடும்பம்வாரியாக இல்லாமல் ஆள்வாரியாக எழுதுங்கள். 180 குடும்பத்துக்கு 650, 700 பெயர் வரும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தெருவுக்கு இருவர் உட்கார்ந்து, "உங்க வீட்ல ராத்திரி எத்தனை பேர் படுக்கிறீங்க?" என்று கேட்டு எழுதினால் போதும். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் ரேஷன் கார்டில் உள்ளதைத்தான் சொல்வார்கள். ராத்திரி படுப்பவர்களைக் கேட்டால் உள்ளறையில் இருப்பவரும் வந்துவிடுவார்.

பிறகு ஆறு வகைக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்: 75 வயது தாண்டியவர், தனியாக இருப்பவர், படுக்கையில் அல்லது வீட்டுக்குள் முடங்கியவர், அவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவர், கடந்த 18 மாதத்தில் துணையையோ பிள்ளையையோ அடக்கம் பண்ணியவர், வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர். நாலாவதை எல்லோரும் மறப்பார்கள். பாரிச வாயு வந்த கணவருக்காக ஜெபிப்போம், அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற மனைவி கடைசியாக எப்போது ஆலயத்துக்கு வந்தார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு மேல் ஒரே ஒரு விதி: மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆளைக் காணோம் என்றால் நாலாவது ஞாயிறுக்குள் ஒருவர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு ஊருக்குப் போயிருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். ஆறு வாரம் விட்டால், "நான் வராதது யாருக்கும் தெரியலை" என்று அவரே முடிவுகட்டியிருப்பார்.

மணிக்கூண்டு எழுதியது:

வருகைப் பதிவா? இது பள்ளிக்கூடமா? "ஏன் மூணு வாரமா வரலை"ன்னு கேட்டாலே பாதிப்பேர் எதிர்ச் சபைக்குப் போயிடுவாங்க.

தேரிக்காடு எழுதியது:

பெயர் கூப்பிடச் சொல்லவில்லை, ஐயா. உட்காரும் இடம் யாருக்கும் அநேகமாக மாறாது. வலப்பக்கம் ஏழாவது பெஞ்சில் தூணை ஒட்டி உட்கார்பவரை, பின்பெஞ்சுக்காரர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வார். நாலு பெஞ்சுக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்தால் போதும். கேள்வியிலும் "ஏன் வரலை" கூடாது. "நல்லா இருக்கீங்களா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" போதும். காரணத்தை அவரே சொல்வார், அநேகமாகக் கிளம்பும்போது வாசலில் வைத்துத்தான்.

கடலோரக் கோயில் எழுதியது:

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து. எங்களுக்கு அன்பியம் என்ற சிறு குழு இருக்கிறது. 20, 30 குடும்பத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில். கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் ஓட்டை அங்கேதான். ஒற்றை அறை வீட்டுக்காரர், "இருபது பேரை எங்க உக்கார வைக்க, காபி எப்படிக் கொடுக்க" என்று தன் முறையைத் தட்டிக்கழிப்பார். இரண்டு முறை தட்டிக்கழித்தபின் கூட்டத்துக்கே வரமாட்டார். மருந்து எளிது: எந்த வீட்டிலும் சிற்றுண்டி கிடையாது, தண்ணீர் மட்டும் என்று அன்பியம் முழுவதற்கும் விதி. உட்காரப் பாய் பங்குக் கோயிலிலிருந்து வரட்டும்.

இன்னொன்று, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய ஒழுங்கு. 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் சக மாணவர்கள் சிலரும் தொடங்கியது. இரண்டு பழக்கங்களை யாரும் கடன்வாங்கலாம். எப்போதும் இருவராகப் போவது. கூட்ட முடிவில் காணிக்கைப் பை சுற்றிவருவது. யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாத இடத்தில்தான் வாங்குபவர் பெயரும் வெளியே போகாமல் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: மணியடிப்பவர், பெருக்குகிறவர், எங்கள் பக்கம் கோயில்குட்டி என்போமே, அவர் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். முதலில் வந்து கடைசியில் போகிறவர். பூசையில் உட்கார நேரமிருக்காது. வீட்டில் நோய் என்றால் பலிபீடத்திலிருந்து பெயர் வாசிக்கிற பழக்கமும் இராது.

சுவடிக்கட்டு எழுதியது:

பனையோலை பிரசங்கம் வேண்டாம் என்றார். ஆனால் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6 பிரசங்கப் பகுதியே இல்லை, நிர்வாகக் குறிப்பு. எருசலேமின் முதல் சபையில் கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். அன்பில்லாத சபை என்று அதற்கு முந்தின அதிகாரங்களை வாசித்த யாரும் சொல்லமாட்டார்கள். நிலத்தை விற்றுக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைத்த சபை அது. விடுபட்டது பாஷையால். பரிமாறியவர்களுக்குத் தெரிந்த வீடுகளுக்குப் பந்தி போனது, தெரியாத வீடுகளுக்குப் போகவில்லை.

தீர்வு எப்படி வந்தது என்று பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து வந்து யூதமார்க்கத்தில் சேர்ந்தவர், அதாவது இரண்டு முறை வெளியாள். புறக்கணிக்கப்பட்ட பக்கத்து ஆட்களின் கையிலேயே முழுப் பந்தியையும் கொடுத்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. "உங்களுக்கும் பங்கு தருகிறோம்" என்பது வேறு, "பங்கிடுகிற கரண்டி உங்களிடம்" என்பது வேறு. உங்கள் குழுவில் ஒரு விதவை, வாடகை வீட்டுக்காரர் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் இல்லாவிட்டால், குழுவுக்குத் தெரிந்தவர்களைத்தான் மறுபடி கண்டுபிடிப்பீர்கள்.

பட்டியல் எழுதுவதும் புதிதல்ல. 1 தீமோத்தேயு 5-ல் விதவைகளின் பட்டியலுக்கு 60 வயது என்று வரம்பே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயிறு நற்கருணையை வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோனதையும், காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர் ஆகியோருக்குப் போனதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். 251-ல் ரோம் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில் விதவைகளும் வறியவர்களுமாக 1,500-க்கு மேற்பட்டோரைச் சபை போஷித்தது என்று வருகிறது. எண்ணிக்கை சொல்ல முடிந்ததென்றால் எங்கோ பெயர்கள் எழுதியிருந்தன என்றுதான் பொருள்.

நம் ஊருக்கு வந்தால் பாஷையின் இடத்தில் சாதி. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்த சுவர் இருந்ததும் பின்பு இடிக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். இப்போது சுவர் இல்லை, சந்திப்புப் பாதை இருக்கிறது. குழு ஆறு மாதம் நடந்தபின் எந்தத் தெருவுக்கு எத்தனை முறை போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தெரு சுழியமாக இருந்தால், அங்கே நோயாளி இல்லை என்று அர்த்தமில்லை. யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணலாம். (கமிட்டியில் இதைச் சொன்னால் கொஞ்சநேரம் யாரும் பேசமாட்டார்கள். பரவாயில்லை.)

இரவுப்பணி எழுதியது:

வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. சந்திப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நேரம்: காலை பத்தரை முதல் பன்னிரண்டு, மாலை நாலு முதல் ஐந்தரை. அதற்கு முன்னால் குளிப்பாட்டல், துணி மாற்றல் இருக்கும். முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று நுழைந்தால், ஈரத்துணியோடு இருப்பவரை அவசரமாக மூடிப்போர்த்தி உட்காரவைப்பார்கள். அது அவருக்கும் வேதனை, வீட்டாருக்கும் வெட்கம். மொத்தம் 20 நிமிடம், அதிகம்போனால் 25. இருவருக்கு மேல் வேண்டாம். ஒருவர் நோயாளியிடம், மற்றவர் பார்த்துக்கொள்பவரிடம் பேச வேண்டும், முடிந்தால் வேறு அறையில். நோயாளி எதிரில் அவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். எந்தக் காது கேட்கும் என்று வீட்டாரிடம் கேளுங்கள். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். கத்தினால் கேட்காது, முகம் வெளிச்சத்தில் தெரிய, மெதுவாக, சின்னச்சின்ன வாக்கியமாகப் பேசினால் கேட்கும். ஞாபகமறதி உள்ளவரிடம் "என்னைத் தெரியுதா, யாரு சொல்லுங்க?" என்று தேர்வு வைப்பதை நிறுத்துங்கள். பேரையும் ஊரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பேச்சு வராதவர்களுக்குக்கூடச் சின்ன வயதில் பாடிய பாமாலையும் கீர்த்தனையும் வரும். புதிய பாட்டு வேண்டாம், முதல் சரணம் போதும், அவர்கள் சேரும்வரை மெதுவாக. வேதபகுதி ஒன்று, சங்கீதம் 71-லிருந்து நாலு வசனம் போல. கைதொட்டு ஜெபிக்குமுன் "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேளுங்கள்.

நற்கருணையில் ஒரு ஆபத்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பாரிச வாயு, பார்க்கின்சன், முற்றிய ஞாபகமறதி உள்ளவர்களுக்கு விழுங்குவது சிரமம். உலர்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீராக இருப்பது மூச்சுக்குழலுக்குள் போகும். படுத்தபடி கொடுக்கவே கூடாது. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே பார்த்தபடி இருக்க, மிளகளவு துண்டைத் திராட்சை ரசத்தில் நனைத்துக் கரண்டியில் கொடுங்கள். விழுங்கியாயிற்றா என்று பார்த்தபின்தான் அடுத்த வார்த்தை. இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். மூக்குக்குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு, டாக்டர் அனுமதி இல்லாமல் வாயில் ஒன்றும் வைக்காதீர்கள்.

கண்ணால் பார்க்கவேண்டியவை: மாத்திரை அட்டையில் எத்தனை பிரிக்காமல் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டவேண்டும், நர்ஸுக்குச் சொல்லவேண்டும். மாத்திரையை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், நிறுத்தவும் சொல்லாதீர்கள். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் ஆகும்.

கடலோரக் கோயில் எழுதியது:

இரவுப்பணி சிஸ்டர் சொன்னதோடு: எங்கள் சட்டத்தில் அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்க இடமிருக்கிறது. நற்கருணைக்கு முந்தின ஒருமணி நேர உபவாசமும் முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பராமரிப்பவருக்கும் கிடையாது. இது தெரியாமல் சர்க்கரை நோயாளியைக் காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருக்க வைக்கிறவர்கள் உண்டு.

மணிக்கூண்டு எழுதியது:

சரி, பட்டியலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கைப்பிடி அரிசியும் பெண்கள் ஐக்கிய சங்கம் வருஷக்கணக்கா எடுக்கிறது.

தேரிக்காடு எழுதியது:

கைப்பிடி அரிசியை நிறுத்தவேண்டாம். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைப்பதே ஒரு ஜெபம். ஆனால் அரிசியாகவே திருப்பிக் கொடுப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். தனியாக இருக்கும் பாட்டி வீட்டில் அரிசி மிஞ்சித்தான் கிடக்கும். இல்லாதது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோக் கூலி, பெரியவர்களுக்கான டயபர், பருப்பு, எண்ணெய், போன் ரீசார்ஜ், மூக்குக்கண்ணாடிக் கால். அரிசியை ஏலம் விட்ட பணத்தை இவற்றுக்குத் திருப்புங்கள்.

சேலையைப் பற்றி: மேடைக்குக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவதுதான் சிக்கல். "விதவைகள் முன்னால் வாங்க" என்று மைக்கில் அழைத்தால், கணவர் போய் நாலே மாதமான 38 வயதுப் பெண்ணின் நிலை என்ன? யாக்கோபு 2-ல் "என் பாதபடியண்டையிலே உட்காரு" என்பதன் மைக் வடிவம் இது. சந்திக்கப் போகிற இருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

செங்கல்சூளை எழுதியது:

கட்டட வேலைக்காரன் என்ற முறையில் ஒன்று. வயதான பெண்கள் ஆலயத்துக்கு வராததற்குப் பாதிக் காரணம் கழிவறை. இரண்டு மணிநேர ஆராதனை, வளாகத்தின் மூலையில் படியேறிப் போகும் இந்தியன் டாய்லெட், சாவி யாரிடமோ. சிலர் ஞாயிறு காலை நீர் பிரியும் மாத்திரையைப் போடாமல் வருவார்கள், தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். மூச்சு வாங்கி ஒருநாள் மயங்கியபின் அதுவும் நிற்கும். வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று, சுவரில் பிடிகம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பூட்டு வேண்டாம். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இது.

சாய்தளம் போடுகிறீர்கள் என்றால் உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் உயரம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்தால் சக்கரநாற்காலியைத் தள்ளுபவர் திணறுவார், இறங்கும்போது ஆளோடு உருளும். கிரானைட் பாலிஷ் போடாதீர்கள், மழையில் வழுக்கும். சக்கரநாற்காலிக்கு இடம் பெஞ்சு வரிசைக்குள் விடுங்கள், ஒரு பெஞ்சைப் பாதியாக அறுத்து. கடைசியில் தூணுக்குப் பின்னால் விட்டால் வந்தும் வராத மாதிரிதான்.

வைகைக்கரை எழுதியது:

அரசு உதவிகள், சுருக்கமாக. முதியோர், விதவை உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம்; பிறகு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் உத்தரவு. ரேஷன் கார்டில் சம்பாதிக்கிற மகன் பெயர் இருந்தால் அங்கேதான் தடுக்கும். விண்ணப்பிக்குமுன் கார்டைப் பாருங்கள். ரேஷன் கடையில் கைரேகை தேய்ந்து பதியாதவர்களுக்குக் கடைக்காரரிடம் மாற்று வழி கேளுங்கள். கடைக்கு வரமுடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025-ல் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும், பெயர் பதிந்திருக்கவேண்டும். முதியோரை அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள் என்றால் 14567. மனநலத்துக்கு 14416.

சபையார் செய்யவேண்டியது கூடப் போவது, வரிசையில் நிற்பது, ஆட்டோ பிடிப்பது. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், ரகசிய எண் எதையும் கையில் வாங்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையாக இருந்தாலும். பணம் எடுக்கவேண்டுமென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னாளில் சொத்துத் தகராறு வந்தால் முதலில் சந்தேகம் உங்கள்மேல் வரும், குழுவே கலையும்.

சுவடிக்கட்டு எழுதியது:

வாடகைக்கு வந்தவர்கள் என்று தேரிக்காடு எழுதியதில் ஒரு சேர்க்கை. கட்டடம், மில், ஓட்டல் வேலைக்கு வரும் வடமாநிலத்தவரில் கிறிஸ்தவர்கள் உண்டு. சோட்டா நாக்பூரிலிருந்து வரும் லுத்தரன், கத்தோலிக்க ஆதிவாசிகள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சபையில் இருந்தவர்கள். நாம் "இந்திக்காரப் பையன்கள்" என்போம். இந்தியில் வேதாகமம் ஒன்று வாசலில் வையுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் பாஷையில் சொல்ல இடம்கொடுங்கள். ஞாயிறு காலை அவர்களுக்கு வேலை இருக்கும், மாலை ஆராதனை நேரத்தை அதற்கேற்ப வைக்கமுடியுமா பாருங்கள்.

பனையோலை எழுதியது:

நன்றி. நினைத்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. இரண்டு சந்தேகம். சந்திப்பில் தெரிந்துகொண்டதை நோட்டில் எவ்வளவு எழுதுவது? ஜெபக் குறிப்பாக ஆலயத்தில் வாசிக்கலாமா? அடுத்தது, எத்தனை வீட்டுக்கு எத்தனை பேர்?

இரவுப்பணி எழுதியது:

நோட்டில் நாலே கட்டம்: தேதி, போன இருவர் பெயர், அடுத்து செய்யவேண்டியது, அடுத்த தேதி. "புதன் கண்ணாஸ்பத்திரி, ஆட்டோ" என்று எழுதலாம். "மருமகளோடு சண்டை" என்று எழுதாதீர்கள், நோட்டு ஒருநாள் மருமகள் கையில் கிடைக்கும். ஜெபக் குறிப்பு அவர் அனுமதி கேட்டுத்தான். நோயின் பெயர் வேண்டாம், பெயர் மட்டும். வாட்ஸப் குழுவில் ஒன்றும் போடாதீர்கள்.

கணக்கு: ஒரு ஜோடிக்கு நாலைந்து வீடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பத்து வீடு கொடுத்தால் மூன்றாம் மாதம் ஒன்றுக்கும் போகமாட்டார்கள். 180 குடும்பத்தில் அடிக்கோடு போட்டால் 35, 40 வீடு வரும். எட்டு ஜோடி வேண்டும். எட்டு கிடைக்காவிட்டால் மோசமான இருபது வீட்டை மட்டும் எடுங்கள், மற்றவர்களிடம் வருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

தேரிக்காடு எழுதியது:

துக்க வீட்டுக்கு மட்டும் அட்டவணை வேறு. அடக்கம் முடிந்த முதல் பத்துநாள் கூட்டம் தானாக வரும், நீங்கள் போகவேண்டியதில்லை. மூன்றாவது வாரம், மூன்றாவது மாதம், முதல் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், முதலாண்டு நினைவுநாளுக்கு முந்தின நாள்: இந்த நாலு தேதியையும் அடக்கம் நடந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். ஜோடி மாறும்போது நோட்டை மட்டும் கைமாற்றாதீர்கள். பழையவர்களில் ஒருவர் புதியவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், "இனி இவங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

பனையோலை எழுதியது:

வரும் ஞாயிறு "ராத்திரி எத்தனை பேர் படுக்கிறீங்க"வில் தொடங்குகிறோம். குழுவுக்கு மணியடிப்பவரின் மனைவியைக் கேட்டிருக்கிறேன். எல்லா வீட்டையும் அவருக்குத் தெரியுமாம்.